நுக்தாவும் ஸ்கேனரும்

ஹதீஸ் கலை பயின்றோர் ‘தஸ்ஹீஃப்’ என்னும் சொல்லை அறிவர். எழுத்தின் புள்ளி இடம் மாறியோ விடுபட்டோ ஒரு சொல் வேறொரு சொல்லாக வாசிக்கப்படும் பிழைக்கு அப்பெயர் வழங்குகின்றது. இமாம் இப்னு ஸலாஹ் (இறப்பு ஹி. 643) தம் முகத்திமாவில் முப்பத்தைந்தாம் வகையாக இதனைத் தனியே எடுத்துரைக்கின்றார்கள். அபூ அஹ்மத் அல்அஸ்கரீ (இறப்பு ஹி. 382), இமாம் தாரகுத்னீ (இறப்பு ஹி. 385) ஆகியோர் இதற்கென்றே நூல்கள் யாத்தனர். அங்கே காட்டப்படும் சான்றுகளுள் ஒன்று, பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நம்மை வியக்கச் செய்வது. அவ்வாம் இப்னு முராஜிம் என்பது ஓர் அறிவிப்பாளரின் பெயர். அறிவிப்பாளர்களை எடைபோடுவதில் தலைசிறந்தவரான யஹ்யா இப்னு மயீன் அவர்களே (இறப்பு ஹி. 233) அதனை முஸாஹிம் என்று வாசித்துவிட்டார்கள். ஜீமின் வயிற்றில் இருக்க வேண்டிய புள்ளி ராவின் தலைக்கு ஏறிவிட்டது. ரா ஸாய் ஆயிற்று, ஜீம் ஹா ஆயிற்று. ஒரே ஒரு புள்ளிதான்.

பேரறிஞரின் கண்ணுக்கே நேர்ந்த இத்தவறு, இன்று இயந்திரத்தின் கண்ணுக்கு நாள்தோறும் நேர்ந்துகொண்டிருக்கின்றது. அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து, அதனைத் தட்டச்சு செய்த எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருளைத் தமிழில் எழுத்துணரி என்பர். கடைத்தெருவில் ஓசிஆர் என்றே வழங்குகின்றது. எழுத்துணரி பிழையாக வாசித்தால் நாம் மென்பொருளைக் குறை கூறுகின்றோம். ஆனால் பிழையின் பெரும்பகுதி அதற்கு முன்னரே, ஏட்டை ஸ்கேன் செய்யும்போது நாம் தேர்ந்துகொள்ளும் அளவுகளிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் வாசிக்க இயலாது அன்றோ!

இது நமது பகுதிக்கு அவசரமான செய்தி. ஆற்காடு, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் வாணிபத்தால் செழித்த ஊர்களில் ஏடுகளுக்குக் குறைவில்லை. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், 1919இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1924இல் தோல் வணிகர் காகா முஹம்மத் உமர் அவர்கள் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் முதலான கல்விக்கூடங்கள் இப்பகுதியின் அறிவுச் செல்வத்துக்குச் சாட்சி. அவற்றுக்கு அப்பால், வீடுகளின் பரண்களிலும் பள்ளிவாசல் பீரோக்களிலும் கிடப்பவை பல: உர்தூக் கல்லச்சு நூல்கள், அரபுத் தமிழ்க் கிதாபுகள், தோல் மண்டிக் கணக்குப் புத்தகங்கள், முத்திரைத் தாளில் எழுதிய வக்ஃபு நாமாக்கள். 2025 ஜூன் 6ஆம் நாள் மத்திய அரசு ‘உமீத்’ என்னும் இணையத் தளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதங்களுக்குள் பதிவேற்ற வேண்டும் என்றபோது, அதுகாறும் கம்ப்யூட்டர் சென்டர் வாசலை மிதித்திராத முத்தவல்லிமார்களும் பழைய பத்திரங்களைச் சுமந்துகொண்டு அங்கே காத்து நின்றதைக் கண்டோம். அவசரத்தில் எடுத்த படங்கள் பதிவேற்றத்துக்குப் போதுமானவையாய் இருந்திருக்கலாம். அவற்றையே மூலத்துக்கு நிகரான காப்புப் படி என்று நம்பிப் பீரோவைப் பூட்டிக்கொள்வது வேறு விஷயம்.

நம்முடைய அறியாமையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் தம் பாட்டனார் ஓதிய அரபுத் தமிழ் மஸ்அலாக் கிதாப் ஒன்றை இரண்டு நாள் இரவலாகத் தந்தனர். கல்லச்சில் பதிந்தது, தாள் அப்பளம்போல் நொறுங்கும் நிலை. கணினியில் தேர்ந்த மாணவர் ஒருவரிடம் அப்பணியை ஒப்படைத்தோம். கறுப்பு வெள்ளை, 200 டிபிஐ, பக்கத்தின் அழுக்கை நீக்கும் வசதியும் சேர்த்து, பால் போன்ற வெண்மையில் பக்கங்களைக் கொண்டுவந்து காட்டினார். மகிழ்ந்து கிதாபைத் திருப்பிக் கொடுத்தோம். பல மாதங்கள் கழித்து வாசிக்க அமர்ந்தபோதுதான் தெரிந்தது: அழுக்கோடு அழுக்காக நுக்தாக்களும் போயிருந்தன. நூனா, பாவா, யாவா எனத் தடுமாற வேண்டிய சொற்கள் பக்கத்துக்கு இருபது முப்பது. மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். சிதைந்துபோன கிதாபுகளையும் ஏடுகளையும் கண்ணியமாக மண்ணில் அடக்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் செய்தது முறையே. பிழை நம்முடையது, அம்மாணவருடையதும் அன்று, ஏனெனில் நாமும் அந்த வெண்மையைக் கண்டு மகிழ்ந்தவர்தாம்.

அன்றுமுதல் கற்றவற்றை முறைப்படுத்திக் கூற முயல்கின்றோம்.

முதலில் டிபிஐ. ஓர் அங்குல நீளத்தை ஸ்கேனர் எத்தனை நுண்புள்ளிகளாகக் கூறுபோடுகின்றது என்பதே அவ்வெண். அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே 300 என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 நுண்புள்ளிகள். கிதாபின் நுக்தா ஒன்று 0.4 மில்லிமீட்டர் அகலமுடையது எனக் கொள்வோம். 100 டிபிஐயில் அதற்கு ஒன்றரை நுண்புள்ளியே கிடைக்கும், 200இல் மூன்று, 300இல் நான்கு அல்லது ஐந்து, 600இல் ஒன்பது. ஒன்றரை நுண்புள்ளி கிடைத்த நுக்தாவைத் தூசியிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? மூன்று கிடைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள வெளி நுக்தாவினும் சிறியது. அது மறைந்ததும் இரு புள்ளிகள் ஒட்டிக் கோடாகின்றன. ஷீனின் மூன்று புள்ளிகள் ஒரு திட்டாகின்றன. எழுத்தின் உயரம் இருபது முப்பது நுண்புள்ளிகளேனும் இருந்தால்தான் டெஸராக்ட் போன்ற எழுத்துணரிகள் நன்றாக வாசிக்கும் என்பதும் அனுபவத்தில் கண்ட அளவு. சாதாரணப் புத்தக எழுத்து 300 டிபிஐயில் அந்த உயரத்தை எட்டிவிடும்.

எனவே தெளிவான தமிழ் அச்சுக்கு 300 போதும். சிறிய எழுத்துக்கு 400. ஹரகத்துகளோடு கூடிய அரபு, ஓரத்தில் நுணுக்கி எழுதிய ஹாஷியா, அரபுத் தமிழ் ஆகியவற்றுக்கு 600 வைப்பதே நலம். அதற்கு மேல் செல்வதால் வாசிப்பு மேம்படுவதில்லை. கோப்பு மட்டுமே பருக்கின்றது. அளவை இரட்டித்தால் கோப்பு நான்கு மடங்காகும். ஏ4 தாள் ஒன்று 300இல் சாம்பல் நிறத்தில் ஏறத்தாழ 9 எம்பி. 600இல் 35 எம்பி. அதுவே வண்ணமெனில் நூறைத் தாண்டும். ஸ்கேனர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 9600, 19200 போன்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டா. அவை பெரும்பாலும் கண்ணாடி வில்லை உண்மையில் கண்டவை அல்ல, கணக்கிட்டு இட்டு நிரப்பியவை. ‘ஆப்டிகல்’ என்று குறிக்கப்பட்ட எண்ணையே பார்க்க வேண்டும்.

(இப்னு முக்லா அவர்கள் பத்தாம் நூற்றாண்டில் எழுத்துக்கலைக்கு இலக்கணம் வகுத்தபோது, எழுதுகோல் பதிக்கும் சாய்சதுர நுக்தாவையே அளவுகோலாக்கி, அலிஃபின் உயரத்தை நுக்தாக்களால் அளந்தார்கள். இன்று ஸ்கேனரும் எழுத்தைப் புள்ளிகளாலேயே அளக்கின்றது. காதிப்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள்.)

அடுத்தது நிறம். நம் கிதாபைக் கெடுத்தது இதுவே என்பதால் சற்று விரிவாகக் கூறுகின்றோம். கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தால், ஒவ்வொரு நுண்புள்ளியையும் ‘இது மை’ அல்லது ‘இது தாள்’ என்று ஸ்கேனர் அப்போதே தீர்ப்பளித்துவிடுகின்றது. தீர்ப்புக்கு ஓர் எல்லைக் கோடு உண்டு. அதைவிட வெளுத்திருந்தால் தாள், கறுத்திருந்தால் மை. மங்கிய நுக்தா எல்லைக்கு இப்பால் விழுந்தால் அழிந்தது. பழுப்பேறிய மூலை அப்பால் விழுந்தால் முழுவதும் கறுத்தது. பின்னர் மேல்முறையீடு கிடையாது. சாம்பல் நிறத்தில் எடுத்தாலோ, வெண்மைக்கும் கருமைக்கும் இடையே 256 படிகள் காக்கப்படுகின்றன. எது மை, எது தாள் என்பதைப் பிறகு ஆற அமரத் தீர்மானிக்கலாம்; தவறென்று கண்டால் மாற்றிக்கொள்ளலாம். புதிய எழுத்துணரிகள் தாமே பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ப அவ்வெல்லையை வகுத்துக்கொள்வதால், அவற்றுக்குச் சாம்பல் நிறமே உகந்த உணவு.

வண்ணம் எப்போது வேண்டும்? முத்திரைத் தாளின் நிறமும், கையெழுத்தின்மேல் குத்திய ரப்பர் முத்திரையின் நீலமும், பிரதிகளில் தலைப்புகளை எழுதிய சிவப்பு மையும் உள்ள இடங்களில் வண்ணம் இன்றியமையாதது. அதில் ஒரு நுட்பமும் உண்டு. வண்ணப் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று படங்களின் அடுக்கு. பழுத்து மஞ்சளான தாள் நீலப் படத்தில் இருண்டு தோன்றும். சிவப்புப் படத்தில் வெளுத்துத் தோன்றும். கறுப்பு மையோ எதிலும் கறுப்பே. ஆகவே பழுப்பேறிய ஏட்டின் சிவப்புப் படத்தை மட்டும் பிரித்தெடுத்தால், தாள் துலங்கி எழுத்து எடுப்பாக நிற்கும். ஆனால் சிவப்பு மையால் எழுதிய தலைப்பு அதே படத்தில் மாயமாய் மறைந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. இலவசக் கருவியான கிம்ப் கொண்டே இப்பிரிப்பைச் செய்யலாம்.

ஸ்கேனரோடு வரும் மென்பொருளில் பக்கத்தை அழகுபடுத்தும் வசதிகள் பல உள்ளன: தூசி நீக்கம், பின்னணி நீக்கம், எழுத்தைக் கூர்மையாக்கல், தானே வெளிச்சத்தைத் திருத்திக்கொள்ளல். அனைத்தையும் அணைத்துவிட வேண்டும் என்பதே நமது கருத்து. தூசி நீக்கம் என்பது ‘தனித்து நிற்கும் சிறு கறுப்பு யாவும் குப்பை’ என்னும் விதியில் இயங்குகின்றது. அரபியில் தனித்து நிற்கும் சிறு கறுப்பு நுக்தா. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி. கைப்பேசியில் படமெடுத்து ஆவணமாக்கும் செயலிகளும் இதையே கேளாமல் செய்கின்றன. கைப்பேசியைத் தவிர வழியில்லாத இடத்தில், ‘ஒரிஜினல்’ என்னும் தேர்வில் வைத்து, சாளரத்தின் பகல் வெளிச்சத்தில் எடுப்பது ஓரளவு பாதுகாப்பானது.

தமிழ்ப் புள்ளியின் இழப்பை இலேசாக எண்ண வேண்டா. பத்திரத்தில் ‘மண் வீடு’ என்றிருப்பது புள்ளி போனால் ‘மண வீடு’ ஆகின்றது. அரபுப் பெயர்களை எழுத நாம் ஆளும் ஆய்த எழுத்தோ மூன்று புள்ளிகளாலேயே ஆனது. இன்னொரு சிக்கல் அளவுகளால் தீராதது: 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும் வரை ணா, றா, னா ஆகியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவில் அச்சாயின. இன்றைய வடிவங்களைக் கொண்டே பெரிதும் பயிற்றுவிக்கப்பட்ட எழுத்துணரி, பழைய யானைத் துதிக்கை லையைக் கண்டதும் திகைத்துப்போகின்றது. 1978க்கு முந்தைய நூலெனில் அவ்வேழு எழுத்துகளைத் தனியே தேடித் திருத்துவதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

தாளை வைக்கும் முறையில் நான்கு செய்திகள். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும்; அது இல்லாத நுக்தாக்களை உண்டாக்கும். பக்கத்தின் பின்னே ஒரு கறுப்புத் தாளைச் செருகினால் அந்நிழல் பெரும்பாலும் அடங்கிவிடும். செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது. இரண்டாவது, கட்டிய நூலின் நடுமடிப்பு. மெல்லிய, விலை குறைந்த ஸ்கேனர்கள் பல கண்ணாடியைத் தொட்டிருக்கும் பகுதியை மட்டுமே தெளிவாகக் காண்பவை. மடிப்பருகே தாள் சற்று எழும்பினாலும் எழுத்து கலங்கும். நூலை அழுத்தி முதுகை முறிப்பதைவிட, தடித்த பழைய வகை சிசிடி ஸ்கேனரைத் தேடுவதே மேல். மூன்றாவது, தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஊட்டியில் நொறுங்கும் ஏட்டை ஒருபோதும் இடலாகாது. நான்காவது, கண்ணாடித் தூய்மை. கண்ணாடியில் ஒட்டிய துகள் ஒன்று, எடுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் நுக்தாவாகப் பதியும். தாள் ஊட்டியின் கண்ணாடிக் கீற்றில் துகள் இருந்தாலோ பக்கம் முழுதும் செங்குத்துக் கோடு விழும். அதை இயந்திரம் அலிஃப் என்று ஓதும்.

தாள் சாய்ந்திருந்தால் நேராக்கும் வசதி தமிழ் அச்சுக்குப் பயன்படும். கல்லச்சு நூலில் அதை நம்ப இயலாது. ஹாஷியாவை ஓரங்களில் சாய்த்து எழுதுவதும், நஸ்தலீகில் ஒவ்வொரு சொல்லும் மேலிருந்து கீழாகச் சரிவதும் எது நேர் என்பதில் இயந்திரத்தைக் குழப்பிவிடும். கையால் நேராக வைப்பதே எளிது.

இனிக் கோப்பு வகை. மூலப்படியை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் வைக்க வேண்டும். ஜேபெக் வடிவம் கோப்பைச் சுருக்குவதற்காக எழுத்தின் விளிம்புகளில் கறை போன்ற நுண்திட்டுகளை விளைவிக்கும். இறுக்கிச் சுருக்கினால் நுக்தாவும் அக்கறையும் ஒன்றாகும். இதனினும் அச்சந்தரும் நிகழ்ச்சி ஒன்று 2013இல் வெளிப்பட்டது. ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனர் ஒன்றில் வீட்டு வரைபடத்தை எடுத்தபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என மூன்று அறைகளுக்கும் வெவ்வேறாக இருந்த அளவுகள், படியில் மூன்றுமே 14.13 ஆகியிருந்தன. அங்கே எழுத்துணரியே இயங்கவில்லை. ஜேபிக்2 என்னும் சுருக்கும் முறை, உருவில் ஒத்த திட்டுகளை ‘இரண்டும் ஒன்றே’ எனக் கருதி, ஒன்றன் படத்தை மற்றதன் இடத்தில் ஒட்டிவிட்டிருந்தது. 6 என்பது 8 ஆன பக்கங்களும் கிடைத்தன. எழுத்து மங்கினால் நாம் ஐயுறுவோம்; இங்கே எண் தெளிவாகவே, ஆனால் பொய்யாக நின்றது. நிறுவனம் பின்னர்த் திருத்த மென்பொருள் வெளியிட்டது. சர்வே எண்ணும் சக்குபந்தி அளவுகளும் உயிர்நாடியான வக்ஃபுப் பத்திரத்தை மிகச் சிறிய கோப்பாகச் சுருக்கித் தரும்படி கேட்பவர்கள் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வார்களாக. சுருக்கமே கூடாது என்பதன்று. பதிவேற்றும் படி ஒன்று, காக்கும் படி ஒன்று என இரண்டு வேண்டும்; சிறியதைப் பெரியதிலிருந்து எப்போதும் ஆக்கிக்கொள்ளலாம், பெரியதைச் சிறியதிலிருந்து ஆக்க முடியாது.

படம் செவ்வனே அமைந்தபின், எழுத்துணரியிடம் எம்மொழி என்று கூற வேண்டும். 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட டெஸராக்ட், 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பணு வலை முறையில் வாசிக்கின்றது. தமிழ், அரபு, உர்தூ மூன்றுக்கும் அதில் பயிற்சிக் கோப்புகள் உண்டு. தமிழ் நூலின் இடையே அரபு வாசகங்கள் வருமானால் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்திட வேண்டும். இல்லையேல் அரபு வரிகளைத் தமிழாக வாசிக்க முயன்று பொருளற்ற எழுத்துக் குவியலைத் தரும். நஸ்க் அச்சை ஓரளவு நன்றாக வாசிக்கும் இது, நஸ்தலீகில் தடுமாறுகின்றது. காதிப்களின் கையெழுத்திலேயே நெடுங்காலம் வெளிவந்த, 1927இல் தோன்றிய சென்னை ‘முஸல்மான்’ நாளிதழ் போன்றவை இன்னும் கடினம். கையால் எழுதிய தமிழ்ப் பத்திரங்களையும் மனிதரே வாசிக்க வேண்டும்.

அரபுத் தமிழுக்கு ஆயத்தமான எழுத்துணரி எதனையும் நாம் கண்டதில்லை. தாலின் கீழே ஒரு புள்ளி கூடினால் ‘ட’. நூனின் கீழே ஒன்று கூடினால் ‘ண’. இப்புள்ளிகளை அறியாத அரபு எழுத்துணரி அவற்றைத் தாலாகவும் நூனாகவுமே வாசிக்கும். வழி இல்லாமலும் இல்லை. அரபு எழுத்து நூல்களை ஆராய்வோர் பயன்படுத்தும் ‘கிராகன்’ என்னும் திறந்த மூலக் கருவி, நாமே வாசித்துத் தட்டச்சு செய்து தரும் பக்கங்களைக் கொண்டு புதிய எழுத்தைக் கற்கக்கூடியது. அப்பயிற்சிக்கு அரபுத் தமிழை ஓதத் தெரிந்த ஆலிம்கள் வேண்டும். அவர்கள் அருகி வருகின்றனர். புள்ளிகள் கெடாத படங்களும் வேண்டும்.

நிறைவாக முகாபலா. பிரதி எடுத்தவர் அதனை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு ஓதாதவரை அப்பிரதியை நம் முன்னோர் ஏற்றதில்லை. எழுத்துணரி தந்த வாசகமும் ஒரு பிரதியே. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் எழுத்துணரியால் வாசிக்கப்பட்ட பின்னரும், தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து வருவது இதனாலேயே. எந்த அளவு பொருத்தம் என்பதையும் முகாபலாவே காட்டும். நூலின் மிக மோசமான பக்கம் ஒன்றைத் தேர்ந்து, 300 சாம்பல், 400 சாம்பல், 600 வண்ணம் என மூன்று விதமாக எடுத்து, ஒவ்வொன்றையும் எழுத்துணரிக்குக் கொடுத்து, முதல் நூறு சொற்களில் பிழைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பிழை குறையாத இடத்தில் அளவை உயர்த்துவதை நிறுத்திக்கொள்ளலாம். திரையில் படத்தை நான்கு மடங்கு பெருக்கி, நுக்தாக்களைச் சுற்றிச் சாம்பல் ஓரம் தெரிகின்றதா, இரு புள்ளிகளுக்கிடையே வெளிச்சம் உள்ளதா என்று காண்பது இன்னும் விரைவான சோதனை.

நமது நூலகத்தில் இப்போது இரவல் கிதாப் எது வந்தாலும் முதல் நாள் சோதனைப் பக்கம் மட்டுமே எடுக்கப்படுகின்றது. அதை அரபுத் தமிழ் அறிந்த ஒருவர் மூலத்தோடு வைத்து ஓதிப் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே மற்றப் பக்கங்கள். டிபிஐ, நிறம், கருவி, நாள் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதையும் முதல் படமாகச் சேர்த்துவிடுகின்றோம். பழைய கிதாபின் வெண்மையான படங்களையும் நாம் அழித்துவிடவில்லை. மூத்த ஆலிம் ஒருவர் வாரம் இரண்டு பக்கமாக, பொருளைக் கொண்டு புள்ளிகளை ஊகித்து எழுதி வருகின்றார். ஐயமான சொற்களின்மேல் பென்சிலால் ஒரு சிறு வட்டமிட்டு வைக்கின்றார்.